லபாட் பார்க்கில் 1877 எங்கே இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 மே 1

அண்ணை, உங்கள் லண்டனில் இருக்கும் லபாட் பார்க்தான் உலகத்திலேயே மிகப் பழைய பேஸ்பால் மைதானம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போன கிழமை வந்து பார்த்தேன். ஸ்டாண்ட் எல்லாம் இரும்பும் கொங்கிறீட்டும். 1877ஆம் ஆண்டுச் சாமான் ஒன்றைக்கூடக் காணவில்லை. பெயர்கூட அந்தக் காலத்துப் பெயர் இல்லை. பிறகு எதை வைத்துப் பழசு என்கிறீர்கள்?

மே 3

நல்ல நாளில்தான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 1877ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி அந்த மைதானம் திறக்கப்பட்டது. இன்றைக்கு 147 வயது.

தெரியாதவர்களுக்கு முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன். ரொறன்ரோவில் இருந்து காரில் இரண்டு மணி நேரம். இங்கேயும் ஆற்றின் பெயர் தேம்ஸ்தான். ஆற்றின் இரண்டு கிளைகளும் நகரின் நடுவில் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், மேற்குக் கரையில், வெள்ளத் தடுப்பு அணையை ஒட்டி மைதானம் கிடக்கிறது. நகர மையத்தில் இருந்து கென்சிங்டன் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். ஸ்டாண்டில் உட்கார்ந்தால் வேலிக்கு அப்பால் நகரத்து உயரக் கட்டடங்கள் தெரியும்.

திறந்தபோது அதன் பெயர் டெகும்சே பார்க். அங்கே ஆடிய அணி லண்டன் டெகும்சேஸ். டெகும்சே என்பவர் ஷானி மக்களின் தலைவர். இதே தேம்ஸ் ஆற்றின் கரையில், எங்கள் ஊருக்குக் கீழே ஆறு போகிற வழியில், 1813ஆம் ஆண்டுச் சண்டையில் இறந்தார்.

இனி உன் கேள்வி, தம்பி. கட்டடம் மாறியது உண்மை, பெயர் மாறியது உண்மை. ஆனால் ஹோம் பிளேட் அன்றைக்கு வைத்த இடத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது. பேஸ்பாலில் அடிக்கிறவன் அங்கேதான் நிற்கிறான், சுற்றி ஓடி அங்கேதான் வந்து சேருகிறான். அது நகராத வரைக்கும் மைதானம் அதே மைதானம்.

மே 4

நேற்று எழுதியதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ஹோம் பிளேட் இடம் மாறித்தான் இருக்கிறது. மூன்று பேர் எழுதித் திருத்தியிருக்கிறீர்கள், சரி.

இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் இன்னொரு ஊர் எங்களோடு மல்லுக்கு நிற்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளின்டன் என்ற ஊரில் ஃபுல்லர் ஃபீல்டு இருக்கிறது. அங்கே 1878 முதல் ஆடுகிறார்கள், ஹோம் பிளேட்டும் பேஸ்களும் அன்று முதல் அதே இடத்தில் இருக்கின்றன என்பது அவர்களின் வாதம். எங்கள் மைதானம் ஒரு வருடம் மூப்பு, அவர்களுடையது நகராதது. இரண்டு ஊர்க்காரர்களும் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது.

நேற்று இரவு இதைப் போட்டு மனத்துக்குள் உருட்டிக்கொண்டே படுத்தேன். நல்லூர்க் கோயில் நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் இடித்த கோயில் முத்திரைச் சந்திப் பக்கம் இருந்தது. இன்றைக்கு நாங்கள் கும்பிடுகிற கோயில் குருக்கள் வளவில் 1734ஆம் ஆண்டு எழுந்தது. இடமே வேறு. அதற்காக நல்லூரைப் புதுக்கோயில் என்று யாராவது சொல்வோமா? தேர் ஓடுகிறது, சனம் கூடுகிறது, கொடியேற்றம் தவறுவதில்லை. ஆகையால் ஹோம் பிளேட் நகர்ந்தாலும் என் பதில் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "அதே இடம்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மே 12

"உங்களுக்கு இந்த விளையாட்டில் என்ன வந்தது, கிரிக்கெட் பார்க்கிற ஆள்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல்முறை அங்கே போனேன். கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. என்னோடு ஒரே மெஷினில் நின்ற இத்தாலியக் கிழவர் ஒருவர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறு என்றார். எங்கே என்று கேட்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை. அவருக்கும் அப்படித்தான்.

அப்போது அங்கே லண்டன் டைகர்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் டைகர்ஸின் டபுள்-ஏ அணி, மேலே போவதற்காகப் பழகுகிற பெடியன்கள். 1989இல் அங்கே ஆடிய டிராவிஸ் ஃபிரைமன் என்ற பெடியன், மறு வருடம் டெட்ராய்ட்டுக்கே போய்விட்டான். நான் போன வருடம் லண்டன் டைகர்ஸ் ஈஸ்டர்ன் லீக்கையே வென்றது.

முதல் அரை மணி நேரம் எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கிழவர் சட்டைப்பையில் இருந்து ஒரு பென்சிலை எடுத்து, மடியில் வைத்திருந்த தாளில் இலக்கம் போட்டுக் காட்டினார். பந்து எறிகிறவன் 1. பிடிக்கிறவன் 2. முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறவன் 6. வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து தரையில் உருண்டு 6ஆம் ஆளிடம் போய், அவன் 4ஆம் ஆளுக்கு எறிந்து, 4 அதை 3க்கு எறிந்தால், 6-4-3 என்று எழுதவேண்டும், இரண்டு பேர் அவுட். அடிக்க முயன்று மூன்று தரம் தவறவிட்டால் கே. மூன்றாவது பந்தை ஆடாமல் பார்த்துக்கொண்டு நின்றால் அதே கேயைத் திருப்பிப் போடவேண்டும். மொழியே தேவைப்படவில்லை. ஒன்பதாம் இன்னிங்ஸில் பென்சில் என் கையில் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது, இது எங்கள் எல்லேயின் ஒன்றுவிட்ட சகோதரம். ஊரில் விளையாட்டுப் போட்டி என்றால் எல்லே இல்லாமல் இருக்காது. மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை விளாசிவிட்டுச் சுற்றி ஓடவேண்டும். ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து விழுத்தலாம். இங்கே எறிந்து விழுத்தக்கூடாது, கையுறையில் பிடித்துத் தொடவேண்டும். மற்றபடி ஓட்டம் அதே ஓட்டம்.

லண்டன் டைகர்ஸ் 1993 சீசன் முடிய நியூஜெர்சியில் டிரென்டன் நகரத்துக்குப் போய்விட்டது. நான்கு நாள் வேலையில் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு கிழவர் சொன்னார், மேஜர்ஸ் இருக்கிறதே என்று. லண்டன் மேஜர்ஸ், இன்டர்கவுண்டி லீக், 1925 முதல் இருக்கிற உள்ளூர் அணி. சம்பளத்துக்கு வந்தவர்கள் போனார்கள், ஊர்க்காரர்கள் நின்றார்கள்.

மே 19

1877 பற்றி ஒன்றும் எழுதாமல் 1990ஐ நீட்டிவிட்டேன்.

அந்த முதல் வருடமே டெகும்சேஸ் இன்டர்நேஷனல் அசோசியேஷன் என்ற லீக்கில் சேர்ந்தது. கனடாவில் இருந்து லண்டனும் குவெல்ஃப் மேப்பிள் லீஃப்ஸும், மற்றவை அமெரிக்க அணிகள். அக்டோபர் 2ஆம் திகதி இதே மைதானத்தில் பிட்ஸ்பர்க் அலெகேனீஸை 5-2 என்று தோற்கடித்து டெகும்சேஸ் சாம்பியன் ஆனது. டெகும்சேஸ் பின்னால் பணம் போட்டு நின்றவர் ஜேக்கப் எங்கில்ஹார்ட், எண்ணெய் வியாபாரி. குவெல்ஃப் அணிக்குப் பின்னால் ஜார்ஜ் ஸ்லீமன், பியர் காய்ச்சுகிறவர். பணம் உள்ள இரண்டு பேரின் வீம்பும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தில் பேஸ்பாலை வளர்த்தது.

எனக்குப் பிடித்த ஆள் பந்து எறிந்த ஃபிரெட் கோல்ட்ஸ்மித். வளைந்து போகும் பந்தை, கர்வ்பால் என்கிறார்களே அதை, முதலில் எறிந்தது தான்தான் என்று சாகும்வரை சொன்னவர். 1870ஆம் ஆண்டு புரூக்ளினில் கம்பங்களை நட்டு, பந்து அவற்றைச் சுற்றி வளைந்து போவதைக் காட்டினேன் என்பது அவர் வாதம். உலகம் அந்தப் பெயரைக் கேண்டி கம்மிங்ஸுக்குக் கொடுத்தது. விஷயம் என்னவென்றால், 1877இல் அதே இன்டர்நேஷனல் அசோசியேஷனின் தலைவர் அந்தக் கம்மிங்ஸ்தான். இரண்டு பேரும் ஒரே லீக். 1939இல் கம்மிங்ஸ் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில், பேஸ்பால் பெரியவர்களின் கௌரவப் பட்டியலில், ஏறியது. அதே வருடம் கோல்ட்ஸ்மித் இறந்துபோனார். நான் லண்டன்காரன், கோல்ட்ஸ்மித் பக்கம்தான் பேசுவேன்.

சாம்பியன் ஆனதும் பெரிய லீக்கான நேஷனல் லீக் கூப்பிட்டது. லீக்கில் இல்லாத அணிகளோடு காட்சி ஆட்டம் ஆடக்கூடாது என்பது நிபந்தனை. அந்த ஆட்டங்களில்தான் வருமானம். மாட்டோம் என்றார்கள். 1878 கோடை முடியமுன்னரே அணி கலைந்துவிட்டது. இதை வாசிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒப்புக்கொண்டிருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்று கிழவரும் நானும் மழை பெய்து ஆட்டம் நின்ற இரவுகளில் மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறோம்.

ஆனால் அணி செத்த பிறகும் மைதானம் சாகவில்லை. அதை உன் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள், தம்பி.

மே 30

இன்றோடு 30 வருடம். 1994 மே 30ஆம் திகதி ஒன்ராறியோ மரபுச் சட்டத்தின் கீழ் லபாட் பார்க்கைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். டைகர்ஸ் போன அடுத்த வசந்தம்.

"பியர் கம்பனியின் விளம்பரப் பெயர்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். 1936 டிசம்பர் 31ஆம் திகதி ஜான், ஹியூ என்ற லபாட் சகோதரர்கள் அந்த நிலத்தை நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். திருத்த வேலைக்கு 10,000 டாலரும் கூடவே கொடுத்தார்கள். நிபந்தனை, அது என்றென்றும் பொதுமக்களின் விளையாட்டு மைதானமாக இருக்கவேண்டும், தகப்பன் ஜான் லபாட்டின் நினைவாகப் பெயர் இருக்கவேண்டும். பட்டினத்துக்கு எதிர்க்கரையில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிற நிலம் அது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடுதான் நிற்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

விளம்பரப் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்றால் பட்டினத்துக்குள் இருக்கிற ஹாக்கி அரங்கைப் பாருங்கள். 2002இல் ஜான் லபாட் சென்டர், 2012இல் பட்வைசர் கார்டன்ஸ். மைதானத்தின் பெயர் அப்படி மாறாது.

தாள் எழுதி நான்கு மாதம் முடியவில்லை. 1937 ஏப்ரலில் தேம்ஸ் பெருகி வந்து மர ஸ்டாண்டை அடித்துக்கொண்டு போனது. நகரத்தின் கைக்கு வந்த சொத்து வெறும் சேறாகக் கிடந்தது. அதே வருடம் திரும்பக் கட்டினார்கள். அப்போது எழுந்த உடைமாற்றும் வீடு இன்றைக்கும் நிற்கிறது, மேஜர்ஸில் ஆடிய ராய் மெக்கேயின் பெயரில். கேள்வி கேட்ட தம்பி, நீ வந்தபோது அதைப் பார்க்காமல் போயிருக்கிறாய். 1877 இல்லைதான், ஆனால் 1937 இருக்கிறது. அடுத்த முறை வடிவாகப் பார்.

ஜூன் 21

நேற்று இரவு யாராவது பார்த்தீர்களா? அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ரிக்வுட் ஃபீல்டு. பெரிய லீக் ஆட்டம், கார்டினல்ஸ் 6, ஜயண்ட்ஸ் 5. இரண்டு நாளைக்கு முன்னர்தான் ஜயண்ட்ஸின் பழைய பெரிய ஆட்டக்காரர் வில்லி மேஸ் காலமானார், 93 வயது. அவருக்கு மரியாதை செய்ய ஏற்பாடு செய்திருந்த ஆட்டம், அவர் இல்லாமல் நடந்தது. 17 வயதில், 1948இல், பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் என்ற கறுப்பர் அணிக்காக அந்தப் புல்லில் ஓடியவர்.

அமெரிக்காவில் தொழில்முறை அணிகளுக்காகக் கட்டி இன்றைக்கும் நிற்கிற மைதானங்களில் மிகப் பழையது அது. 1910 ஆகஸ்ட் 18இல் திறந்தது. ரிக் உட்வர்ட் என்ற இரும்பாலை முதலாளி கட்டியது, அவர் பெயரையே ஒட்டிச் சேர்த்து ரிக்வுட் ஆக்கினார்கள். 1987க்குப் பிறகு ஊரின் மற்ற அணியான பேரன்ஸ் ஹூவர் என்ற புறநகருக்குப் போனது. வெறுமையாய்ப் போன மைதானத்தை ஊரில் சிலர் சேர்ந்து 1992இல் ரிக்வுட் நண்பர்கள் என்று ஒரு சங்கம் வைத்து, தகரத்தை மாற்றி, தூணுக்குப் பெயின்ட் அடித்து, கையால் இலக்கம் மாட்டுகிற ஸ்கோர் பலகையைத் திரும்ப எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாதம் ஆட்டம் கண்டது. நான் இவ்வளவு நாளும் பொருள் முக்கியம் இல்லை, ஆட்டம் தொடர்ந்தால் போதும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிக்வுட்டில் அந்தத் தூண்கள் நிற்கிறபடியால்தான் வேறொன்றும் தெரிகிறது. வெள்ளையர் அணி ஆடும் நாளில் கறுப்பர்கள் வலதுபக்க மூலையில் தனியாக உட்காரவேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஆட்டத்தில் ஆடக்கூடாது என்று நகரத்தில் சட்டம் இருந்தது. 1961க்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஊரில் பேரன்ஸ் அணியே இல்லை, சேர்ந்து ஆடவிடுவதை விட மூடிவைத்தார்கள். நேற்று ரெஜி ஜாக்சன் என்ற பழைய கறுப்பின ஆட்டக்காரர் ஒலிவாங்கியின் முன்னால், 1967இல் அந்த ஊரில் தான் பட்ட பாட்டைப் பூசி மெழுகாமல் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் இடம் இல்லை, ஹோட்டலில் இடம் இல்லை. அந்தப் பேச்சு வேறொரு புது மைதானத்தில் அவர் வாயில் வந்திருக்குமா? இடம் நிற்பதால்தான் அவமானமும் மறையாமல் நிற்கிறது. அதையும் பாதுகாக்கத்தான் வேண்டும்.

ஆகவே திருத்திக்கொள்கிறேன். பொருளும் முக்கியம்.

ஜூன் 24

டெட்ராய்ட்டை மறந்துவிட்டீர்களே என்று ஒரு வின்சர்க்காரர் எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, எழுத மனம் வரவில்லை.

மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல் அவென்யூவும் சந்திக்கிற மூலை. 1896இல் பென்னட் பார்க், 1912 ஏப்ரல் 20இல் நாவின் ஃபீல்டு, பிறகு டைகர் ஸ்டேடியம். 1999 செப்டம்பர் 27 கடைசி ஆட்டம். கிழவரும் நானும் அந்தக் கோடையில் ஒருமுறை போனோம், இரண்டு மணி நேர ஓட்டம். எங்கள் லண்டன் பெடியன்கள் கனவு கண்ட இடம் அது. ஆட்டம் முடிந்தும் கிழவர் எழும்பவில்லை, காவலாளி வந்து தோளில் தட்டும்வரை பச்சைத் தூணில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

பத்து வருடம் பூட்டிக் கிடந்து 2009இல் முழுதாக இடித்து முடித்தார்கள். வெறும் நிலம். வயது போன வானொலி வர்ணனையாளர் எர்னி ஹார்வெல்கூட அதைக் காப்பாற்ற எவ்வளவோ மினக்கெட்டார். ஆனால் மறு வருடமே ஊர்ச் சனங்கள் சிலர் புல்வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டிப் போனார்கள். நெஞ்சளவு களையை வெட்டி, பேஸ்பால் கட்டத்தைத் திரும்ப வரைந்தார்கள். கலைத்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள். கட்டடம் போனபின் கொடிக்கம்பம் மட்டும் அதே இடத்தில் நின்றது. 2018இல் அங்கே பிள்ளைகளுக்கான மைதானம் திறந்தார்கள், செயற்கைப் புல்லோடு. இவ்வளவு காலம் உண்மைப் புல்லை வெட்டி வளர்த்தவர்களுக்கு அது ஆறாத புண். எனக்கும்தான். ஆனாலும் அந்த மூலையில் இன்றைக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

மூன்று நாளைக்கு முன் பொருளும் முக்கியம் என்றேன். டெட்ராய்ட்டை எழுதிய பிறகு, பொருள் இல்லாமலும் ஏதோ ஒன்று மிஞ்சும் என்று தோன்றுகிறது. இரண்டையும் எழுதிவைக்கிறேன், ஒன்றை அழிக்கப்போவதில்லை.

ஜூலை 11

1883ஆம் ஆண்டு இதே நாள் இரவுதான் முதல் பெரிய வெள்ளம். மைதானத்தைச் சுற்றி இருந்த மேற்கு லண்டன் நித்திரையில் இருந்தது. வீடுகள் மிதந்தன, சனம் செத்தது. இன்று பின்னேரம் அணையின் மேலே நடந்தேன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கீழே புல். ஆற்றில் இப்போது முழங்கால் ஆழம்கூட இல்லை. 1952இல் மேலே ஃபான்ஷாவ் அணை கட்டி முடித்த பிறகுதான் இந்தப் பக்கத்துச் சனம் ஏப்ரல் மாதத்தில் நிம்மதியாகத் தூங்கியது.

ஜூலை 28

மே 12 குறிப்பில் ஒரு பிழை. என்னோடு அந்த நாளில் ஒரே அறையில் இருந்த அண்ணை ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தார். "நீ ஜூனில் எங்கேயடா விளையாட்டுப் பார்க்கப் போனாய்? ஜூன் முழுக்கப் போனடியில் அல்லவா இருந்தாய்?"

அவர் சொன்னது சரி. 1990 ஜூனில் இலங்கையில் திரும்பச் சண்டை தொடங்கியது. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். அம்மாவும் தங்கச்சிகளும் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரிய ஏழு கிழமை ஆனது. வேலைத்தளத்தில் நான் சாப்பிடாமல் இருப்பதைக் கிழவர் கவனித்திருக்கிறார். கடிதம் வந்த பிறகு, ஆகஸ்ட்டில்தான் கார் வாசலில் வந்து நின்றது. 34 வருடமாக அதை ஜூன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் வந்தார் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. அவர் செத்து 11 வருடம்.

இதை எழுதியதால் மற்றதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரிலும் ஒரு பந்தடி வெளி இருந்தது. வேலி கிடையாது, எல்லைக்கு இரண்டு பனை, ஒரு பக்கம் கிணறு. எல்லே, கரப்பந்து, கிரிக்கெட் எல்லாம் அங்கேதான். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 27 வருடம் ஒரு பிள்ளையும் அங்கே கால் வைக்கவில்லை. நிலம் விட்ட பிறகு 2018இல் போனேன். பனை இரண்டும் இல்லை. பற்றையை வெட்டி ஒரு மூலையில் ஏழெட்டுப் பெடியன்கள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கட்டில் நாங்கள் விக்கெட்டுக்காகக் கீறிய மூன்று கோடு, சுண்ணாம்பு அடித்த அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது. அந்தப் பெடியன்கள் அந்த வெளிக்கு ஒரு புதுப் பெயர் வைத்திருந்தார்கள். பழைய பெயரைச் சொன்னேன், அவர்களுக்குத் தெரியவில்லை.

பெயர், கட்டடம், ஹோம் பிளேட் எல்லாம் மாறினாலும் லபாட் பார்க்கில் 147 வருடமும் சனம் திரும்பத் திரும்ப வந்து ஆடியிருக்கிறது. வெள்ளம் வந்த வருடமும் திரும்பக் கட்டி ஆடியிருக்கிறார்கள். எனக்கு அந்த மைதானத்தில் ஏன் இவ்வளவு ஒட்டு என்று கேட்டவருக்கு இதுதான் பதில். மே மாதமே சொல்லியிருக்கவேண்டும், அப்போது வாயில் வரவில்லை.

ஜூலை 30

எழுதிய எல்லாருக்கும் பதில் போட முடியவில்லை. வாசித்தேன், ஒவ்வொன்றையும். தங்கள் ஊர் மைதானங்களின் பெயர்களை எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நல்ல யோசனை. பழைய பெயரோடு எழுதுங்கள்.

ஆகஸ்ட் 18

பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒன்பது வயது. மேஜர்ஸ் 2021இல் வென்றதும் 2022இல் திரும்ப வென்றதும் அவனுக்கு மனப்பாடம். அதற்கு முதல் வென்றது 1975 என்று சொன்னால் நம்பமாட்டான்.

சாத்தாம் என்ற பக்கத்து ஊரில் பிறந்த ஃபெர்கி ஜென்கின்ஸ் கதையை வழியில் சொன்னேன். அதுவும் தேம்ஸ் கரை ஊர்தான். பெரிய லீக்கில் 284 ஆட்டம் வென்றவர், 1971இல் பந்து எறிகிறவர்களுக்கான சை யங் விருது வாங்கியவர். அங்கே எல்லாம் முடித்துவிட்டு 1984இலும் 85இலும் இங்கே வந்து மேஜர்ஸுக்காகப் பந்து எறிந்தார். "சும்மாவா?" என்று கேட்டான் பேரன். பந்து எறிகிறவன் நிற்கிற மண்மேட்டை, மவுண்டை, காட்டினேன்.

ஆட்டம் முடிந்து சனம் போனபிறகு மைதான வேலைக்காரர்கள் வந்தார்கள். இதை ஒவ்வொரு முறையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன். மவுண்டில் பந்து எறிகிறவனின் முன்கால் விழுகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குழி விழுந்திருக்கும். தளர்ந்த மண்ணைத் துடைத்து எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, புதுக் களிமண்ணை வைத்து, சதுர இரும்பு மொத்தியால் தொம் தொம் என்று இடிக்கிறார்கள். ஹோம் பிளேட்டின் இரண்டு பக்கமும் அப்படியே. அடிக்கிறவர்கள் நின்று தோண்டிய குழி. பிறகு மேலே தார்பாய். நாளைக்கு வேறொருவன் அதே இடத்தில் குழி தோண்டுவான். வெள்ளைக் கோடு போடுகிற பெட்டியைத் தள்ளுகிறவர் கோலம் போடுகிற கைபோல ஒரே சீராக நடப்பார், திரும்பிப் பார்க்கமாட்டார்.

பேரன் வேலிக் கம்பியில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை செய்த பெண் கண்டுவிட்டு உள்ளே வா என்று கையைக் காட்டினாள். மொத்தியைக் கொடுத்தாள். அவனால் தூக்க முடியவில்லை, அவளும் சேர்ந்து பிடித்தாள். மூன்று இடி.

செப்டம்பர் 8

கேள்வி கேட்ட தம்பி நேற்றுத் திரும்ப வந்திருந்தான். மெக்கே வீட்டைச் சுற்றிக் காட்டினேன், அணையில் ஏறிக் காட்டினேன், பிறகு மூன்றாம் பேஸ் பக்கம் மேல் வரிசையில் இருந்தோம். ஸ்கோர் தாளும் பென்சிலும் கொடுத்தேன். நான்காம் இன்னிங்ஸில் 6-4-3 ஒன்று விழுந்தது, நான் சொல்லாமலே எழுதினான்.

போகும்போது தாளைத் திருப்பித் தந்தான். வைத்துக்கொள் என்றேன்.